கண் மருத்துவர் பதில்கள்: இமை உண்ணியும் இமையின் எண்ணெய்ச் சுரப்பிகளும்

அருமனை, செங்கோட்டை, கொழிஞ்சாம்பாறை, குமுளி என்று எல்லையின் இரு பக்கமிருந்தும் இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இமையைப் பற்றியே கேட்டிருந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊர்ப்பெயர் மட்டும் தரப்படுகிறது.

கேள்வி: டாக்டர் அம்மா அவர்களுக்கு வணக்கம். என் கணவர் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி, வயது 61. ஒரு வருடமாகக் காலையில் எழுந்ததும் இமை ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். இமைமுடியும் அங்கங்கே கொட்டிவிட்டது. திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் காட்டியபோது, இமைமுடியின் வேரில் உண்ணி இருக்கிறது என்று சொன்னார்கள். அன்று முதல் அவர் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பாய் தலையணையையெல்லாம் எரித்துவிடலாமா? பேரக்குழந்தைகளைத் தள்ளி வைக்க வேண்டுமா?
— ஒரு வாசகி, அருமனை

பதில்: அம்மா, இந்தப் பதிலை முதலில் உங்கள் கணவருக்குப் படித்துக் காட்டுங்கள். இமை உண்ணி அழுக்கினால் வருவதன்று. ஒழுக்கக் குறைவினால் வருவதும் அன்று. டெமோடெக்ஸ் எனப்படும் இந்த உயிர் மனிதத் தோலில் நெடுங்காலமாகக் குடியிருந்து வருவது. பிறந்த குழந்தையிடம் இது இருப்பதில்லை. வளர்ப்பவர்களின் முகத்தோடு முகம் சேரும்போது வந்து சேர்ந்து, வயது ஏற ஏறப் பெருகி, முதுமையில் பெரும்பாலோரிடம் காணப்படுகிறது. இந்தப் பதிலை எழுதுகிற என் முகத்திலும், இதை அச்சுக் கோப்பவர் முகத்திலும் அது இருக்கக்கூடும். ஆகவே வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

இது சிலந்திக்கும் மாட்டு உண்ணிக்கும் தூரத்து உறவு. எட்டுக் குட்டைக் கால்களும் நீண்ட வாலும் உடையது. நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவே என்பதால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஜெர்மானியத் தோல் மருத்துவர் குஸ்தாவ் சைமன் 1842இல் இதை விரிவாக விவரித்தார். அடுத்த ஆண்டு ஆங்கிலேய இயற்கையியலாளர் ரிச்சர்ட் ஓவன் இதற்கு டெமோடெக்ஸ் என்று பெயரிட்டார். மனிதரிடம் வாழ்பவை இரண்டு வகை. ஒன்று இமைமுடியின் வேர்க்குழிக்குள் தலைகீழாகக் கூட்டமாக வாழ்வது. மற்றொன்று அதைவிடக் குட்டையானது. இமையின் எண்ணெய்ச் சுரப்பிகளுக்குள் ஆழமாகச் சென்று பெரும்பாலும் தனித்து வாழ்வது. இவற்றுக்கு மலவாயே இல்லை என்று நெடுங்காலம் பாடநூல்கள் எழுதிவந்தன. 2022இல் வெளியான மரபணு ஆய்வு, உண்டு என்று காட்டியிருக்கிறது.

இருப்பது மட்டும் நோயாகாது. எண்ணிக்கை அளவுமீறிப் பெருகும்போதுதான் வேர்க்குழி விரிந்து, இமை விளிம்பு சிவந்து, முடி உதிரத் தொடங்குகிறது. உண்ணியின் கழிவு, உதிர்ந்த தோல் அணுக்கள், முட்டைகள் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு இமைமுடியின் அடியிலும் வளையம்போல ஒரு செதிலாகப் படிகின்றன. தலைப்பொடுகு முடியின் மேல் எங்கு வேண்டுமானாலும் ஒட்டியிருக்கும். இந்த வளையமோ வேரைச் சுற்றியே நிற்கும். அதனால்தான் மருத்துவர் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியின் முன் உட்காரவைத்து, "கீழே பாருங்கள்" என்று சொல்லி மேலிமையின் முடி வேர்களைப் பார்க்கிறார். நோயாளி நேரே பார்த்துக்கொண்டிருந்தால் இது எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆண்டுக்கணக்கில் ஒவ்வாமை என்று சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தவர்கள் பலரிடம் பிறகு இது கண்டுபிடிக்கப்படுவதற்கு இந்த எளிய காரணமே போதும்.

காலையில் அரிப்பு மிகுவதற்கும் காரணம் உண்டு. உண்ணி வெளிச்சத்தை வெறுப்பது. பகலில் வேர்க்குழிக்குள் ஒடுங்கியிருந்து, இரவில் தோலின் மேல் ஏறி இணை தேடுகிறது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு நகரும். முட்டை முதல் சாவு வரை அதன் வாழ்நாள் இரண்டு மூன்று வாரங்களே. பத்து நாள் மருந்து போட்டு அரிப்பு குறைந்ததும் நிறுத்திவிட்டால், வேரில் எஞ்சியிருந்த முட்டைகள் பொரித்து மீண்டும் பழைய நிலை வந்துவிடும். ஆறு வாரமாவது விடாமல் சிகிச்சை தொடர வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

பாயையும் தலையணையையும் எரிக்க வேண்டாம். மனித உடலை விட்டு விலகிய உண்ணி வெகுநேரம் உயிரோடிருப்பதில்லை. தலையணை உறையையும் முகம் துடைக்கும் துண்டையும் வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசி நல்ல வெயிலில் உலர்த்துங்கள். துண்டு அவருக்குத் தனியாக இருக்கட்டும். பேரக்குழந்தைகளைத் தள்ளி வைப்பது தேவையற்றது, தாத்தாவின் மனத்துக்கும் அது நல்லதன்று. உங்களுக்கும் அரிப்பு இருந்தால் நீங்களும் ஒருமுறை இமையைக் காட்டிக்கொள்ளுங்கள்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, இமைமுடி வேரைத் தினமும் இருமுறை துடைப்பதுதான் அடிப்படை. அதற்கான மருந்துத் துடைப்பானை மருத்துவர் எழுதித் தருவார். சிலருக்கு உடல் எடையைக் கணக்கிட்டு ஐவர்மெக்டின் மாத்திரையும் தரப்படுவதுண்டு. அமெரிக்காவில் 2023 ஜூலையில் லோட்டிலேனர் என்னும் சொட்டு மருந்துக்கு இந்நோய்க்கென்றே அனுமதி கிடைத்தது. அது உண்ணியின் நரம்பு இயக்கத்தை முடக்கிக் கொல்வது. நாளுக்கு இருமுறை, ஆறு வாரம் விடுவது. அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிவருவதால் குறிப்பிடுகிறேன்; அது இல்லாமலும் இந்நோயைக் கட்டுப்படுத்த முடியும். வேர்க்குழி அழியாத இடங்களில் உதிர்ந்த இமைமுடி மீண்டும் முளைக்கும்.

உங்கள் கணவரின் தொழிலை ஒட்டி ஒரு வேண்டுகோள். ரப்பர் பாலை உறைய வைக்கச் சேர்க்கும் ஃபார்மிக் அமிலம் விரலில் சிறிதளவு இருந்தாலும் இமையில் பட்டால் புண்ணாக்கும். ஷீட் அடித்து முடித்த கையோடு இமையைத் தேய்க்கும் பழக்கம் இருந்தால் அதை அடியோடு விடச் சொல்லுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, நகத்தை ஒட்ட வெட்டிய கையால்தான் இமையைத் தொட வேண்டும்.

கேள்வி: நான் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை செய்கிறேன். வயது 49. கண்ணில் மணல் விழுந்ததுபோல உறுத்தல். வெயிலிலும் காற்றிலும் கண்ணீர் தாரையாக வடிகிறது. ஆனால் மருத்துவரோ "உங்கள் கண் வறண்டிருக்கிறது, இமையின் எண்ணெய்ச் சுரப்பி அடைத்திருக்கிறது" என்கிறார். கண்ணீர் வடிகிற கண் எப்படி வறண்ட கண்ணாகும்? இமையில் எண்ணெய் எங்கிருந்து வந்தது?
— ஒரு வாசகி, கருங்கல்

பதில்: சகோதரி, இந்தக் கேள்வியைப் பலர் மனத்தில் வைத்துக்கொண்டு, மருத்துவர் தவறாகச் சொல்கிறார் என்று எண்ணி மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் எழுதிக் கேட்டது நல்லதாயிற்று.

கண்ணின் மேல் எப்போதும் படர்ந்திருக்கும் ஈரம் வெறும் நீர் அன்று. கருவிழியை ஒட்டிச் சளி போன்ற வழவழப்பு, அதோடு கலந்து நீர், எல்லாவற்றுக்கும் மேலே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் என்று அது அமைந்திருக்கிறது. குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய் அடியிலுள்ள சூட்டைக் காப்பதுபோல, இந்தப் படலம் அடியிலுள்ள நீர் ஆவியாகாமல் காக்கிறது. எண்ணெய் குறைந்தால் நீர் சில நொடிகளில் காய்ந்து கருவிழி அங்கங்கே வெறுமையாகிறது, உறுத்தல் தோன்றுகிறது. அந்த உறுத்தலுக்குப் பதிலாகக் கண்ணீர்ச் சுரப்பி அவசரமாக நீரைக் கொட்டுகிறது. எண்ணெய் இல்லாத அந்த நீர் கண்ணில் நிலைக்காமல் கன்னத்தில் வழிந்துவிடுகிறது. வடிவதும் வறட்சியும் ஒரே கண்ணில் சேர்ந்து நிற்பது இப்படித்தான்.

இந்த எண்ணெயைச் சுரப்பவை மைபோமியன் சுரப்பிகள். ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஹ் மைபோம் 1666இல் இவற்றை விவரித்ததால் இந்தப் பெயர். மேலிமையில் ஏறத்தாழ 25 முதல் 40 வரையும், கீழிமையில் 20 முதல் 30 வரையும் இருக்கின்றன. இமைக்குள் உள்ள கெட்டியான தகட்டில் நெட்டுக்குத்தாக வரிசையாக அமைந்து, இமைமுடிக்குச் சற்று உட்புறம், விளிம்பில் சிறு புள்ளிகளாகத் திறக்கின்றன. சுரப்பியின் அணுக்களே உடைந்து எண்ணெயாகின்றன. ஒவ்வொரு முறை முழுமையாக இமைக்கும்போதும் அந்த எண்ணெய் சிறிதளவு பிதுங்கி வெளிவருகிறது. கண்ணை அரைகுறையாக மூடித் திறப்பவர்களுக்கும், கைப்பேசியை உற்றுப் பார்த்து இமைக்க மறப்பவர்களுக்கும் அது உள்ளேயே தேங்குகிறது.

நல்ல நிலையில் இந்த எண்ணெய் தெளிவாக, நல்லெண்ணெயைவிட நீர்த்ததாக இருக்கும். நோயுற்றால் கலங்கி, பிறகு பற்பசைபோலக் கெட்டியாகி வாயை அடைக்கும். அதன் உருகுநிலையும் உயர்ந்துவிடுவதால் இமையின் இயல்பான வெப்பம் அதை இளக்கப் போதாது. அடைப்பு நீடித்தால் சுரப்பி உள்ளே விரிந்து, அழுந்தி, மெல்லத் தேய்ந்து மறைகிறது. அகச்சிவப்புப் படக்கருவியால் இமையைப் படமெடுத்தால், வரிசையாக நிற்க வேண்டிய சுரப்பிகளுக்கு நடுவே இடைவெளிகள் விழுந்திருப்பதைக் காணலாம். முழுவதும் மறைந்த சுரப்பியை மீண்டும் உண்டாக்க நம்மிடம் உறுதியான வழி இல்லை. உள்ளதைக் காப்பதே மருத்துவம் என்பதால், இந்நோயில் ஒவ்வொரு வருடத் தாமதமும் எனக்குக் கவலை தருகிறது.

பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டி இது மிகுவதற்கு ஹார்மோன் மாற்றம் ஒரு காரணம். இமை உண்ணியின் குட்டை வகை சுரப்பிக்குள் புகுந்து அடைப்பதும், முகச் சிவப்பு நோயான ரோசேசியாவும், முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையும் வேறு காரணங்கள். ஆலையின் புகையும் அடுப்புச் சூடும் ஏற்கெனவே வறண்ட கண்ணை மேலும் வாட்டும்.

இனி செய்ய வேண்டியது. முந்திரி ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும் தன்மையுடையது என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கையின் மிச்சம் இமையில் பட்டால் விளைவு கொடியதாக இருக்கும். எனவே ஆலையிலிருந்து திரும்பிய உடனே செய்யாமல், குளித்து, கையைச் சோப்பால் இருமுறை கழுவி, இரவு படுக்கும் முன் செய்யுங்கள். தூய பருத்தித் துணியைச் சூடான நீரில் நனைத்துப் பிழிந்து, முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். இதமான சூடாக இருந்தால் மூடிய இமைகள்மேல் வையுங்கள். ஈரத்துணி இரண்டே நிமிடத்தில் ஆறிவிடும் என்பதால் அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மொத்தம் எட்டுப் பத்து நிமிடம் இமையில் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் சூடு நிற்பதே நோக்கம். இட்லிப் பானையின் ஆவியில் முகத்தைக் காட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது முகத்தைத்தான் வேகவைக்கும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

சூடு ஆறும் முன் விரல் நுனியால் மேலிமையை மேலிருந்து கீழாகவும், கீழிமையைக் கீழிருந்து மேலாகவும், முடி வரும் திசையில் மெல்ல நீவுங்கள். கண்விழியை அழுத்தக் கூடாது. கண்நீர் அழுத்த நோய்க்காகவோ (கிளாக்கோமா) அண்மையில் வேறு காரணத்துக்காகவோ கண்ணில் அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேளாமல் நீவக் கூடாது. பிறகு ஈரப் பஞ்சால் முடி வேரைத் துடைத்துவிட்டு, பத்து முறை கண்ணை இறுக்கமின்றி முழுதாக மூடித் திறங்கள். முதல் சில நாட்களில் பார்வை சற்றுக் கலங்கலாகத் தெரிந்தால் அது வெளிவந்த எண்ணெய்தான், அஞ்ச வேண்டாம். முதல் ஒரு மாதம் இருவேளையும், பிறகு ஒருவேளையாகவும் தொடருங்கள். ஒரு மாதத்தில் குறையாவிட்டால் அஸித்ரோமைசின் அல்லது டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகளை மருத்துவர் சேர்ப்பார். கர்ப்பிணிகளுக்கு டாக்ஸிசைக்ளின் ஆகாது.

மீன் எண்ணெய் மாத்திரை வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2018இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், உலர்கண் உள்ளவர்களுக்கு ஒரு வருடம் நாள்தோறும் 3,000 மில்லிகிராம் ஒமேகா-3 கொடுத்தும், ஆலிவ் எண்ணெய் கொடுத்தவர்களைவிட அவர்களுக்கு நன்மை மிகுந்ததாகத் தெரியவில்லை. உங்கள் கரையில் சாளை மலிவாகக் கிடைக்கிறது, அதை உணவாகச் சாப்பிடுங்கள். மாத்திரைக்கு வைத்திருந்த பணத்தை நல்ல பருத்தித் துணிக்கும் கண்ணீர்ச் சொட்டுக்கும் செலவிடலாம்.

கேள்வி: கல்லூரி மாணவன். இமை உண்ணிக்கு டீ ட்ரீ ஆயில் நல்லது என்று வீடியோவில் பார்த்து ஆன்லைனில் ஒரு பாட்டில் வாங்கியிருக்கிறேன். பாட்டி இளநீர்க் குழம்பு என்னும் ஆயுர்வேதக் கண் மருந்தை விடு என்கிறார். எதை முதலில் போடுவது?
— ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தம்பி, இரண்டையும் மூடி வையுங்கள். டீ ட்ரீ ஆயிலில் உள்ள டெர்பினென்-4-ஆல் என்னும் பொருள் உண்ணியைக் கொல்வது உண்மை. ஆனால் கலக்காத அந்த எண்ணெய் கருவிழியின் மேல்தோலையே எரித்துவிடக்கூடியது. பாதியளவு செறிவுள்ள கரைசலை மருத்துவமனையில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, மருத்துவரே தம் கையால் முடி வேரில் மட்டும் தடவும் முறை முன்பு பரவலாக இருந்தது. அப்போதும் நோயாளிக்கு எரிச்சல் கடுமையாகவே இருக்கும். வீட்டுக்கென்று கிடைப்பவை அதைவிடப் பல மடங்கு நீர்த்த துடைப்பான்கள். பாட்டிலில் "நூறு சதவீதம் தூயது" என்று அச்சிட்டிருந்தால், கண்ணைப் பொறுத்தவரை அதுவே அதன் ஆபத்து. தெரியாமல் பட்டுவிட்டால் உடனே தூய நீரைக் கால் மணி நேரம் விடாமல் ஊற்றிக் கழுவிவிட்டு நேரே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

பாட்டி சொல்வதில் அன்பு இருக்கிறது. இளநீர்க் குழம்பு உங்கள் பகுதியில் தலைமுறைகளாகப் புழங்கும் மருந்து என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அது விட்டவுடன் எரிந்து கண்ணீரை வரவழைப்பது. இமை விளிம்பு ஏற்கெனவே புண்பட்டிருக்கும் ஒருவருக்கு எரியும் எதையும் விட நான் சம்மதிக்கமாட்டேன். விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு ஆகியவற்றுக்கும் இதே பதில்தான். நீங்கள் கான்டாக்ட் லென்ஸ் அணிபவர் என்று எழுதியிருப்பதால், இமை தெளியும்வரை கண்ணாடிக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு நாய்க்கு முடி உதிர்ந்து சொறி வந்தது. கால்நடை மருத்துவர் டெமோடெக்ஸ் என்றார். எனக்கும் இமை அரிக்கிறது. நாயிடமிருந்து தொற்றியதா?
— ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: இல்லை. நாயின் டெமோடெக்ஸ் வேறு இனம், அது நாயிடமே வாழும், நம்முடையது நம்மிடமே. இருவருக்கும் தனித்தனியாகச் சிகிச்சை நடக்கட்டும். ஓர் எச்சரிக்கை மட்டும் அவசியம். மேலே நான் சொன்ன லோட்டிலேனர், நாய்களுக்கு உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் போக்கும் மாத்திரையாகவும் விற்கப்படுகிறது. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று நாய் மருந்தைக் கரைத்துக் கண்ணில் விடும் எண்ணம் யாருக்கும் வந்துவிடக் கூடாது. கண் சொட்டு நுண்ணுயிரற்ற முறையில், குறித்த அளவில் தயாரிக்கப்படுவது. மாத்திரைத் தூள் கண்ணுக்குள் போனால் பார்வைக்கே கேடு.

கேள்வி: மழைக்காலத்தில் எங்கள் பகுதியில் உண்ணிக் காய்ச்சல் பற்றி எச்சரிக்கை ஒட்டுகிறார்கள். எனக்கு இமையில் உண்ணி என்றதும் வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டார்கள். இதனால் காய்ச்சல் வருமா?
— ஒரு வாசகி, ஆரியங்காவு

பதில்: வராது. உண்ணிக் காய்ச்சலைப் பரப்புவது புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும் வேறொரு நுண்ணிய பூச்சியின் இளம்பருவம். அது கடிக்கும்போது ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்னும் பாக்டீரியா உடலில் புகுகிறது. கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலியோடு, அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ்ப்புறம் போன்ற மறைவிடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கரும்புண் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உரிய மருந்து முன்னதாகக் கிடைத்தால் குணமாகும், தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. இமையின் டெமோடெக்ஸ் இந்தக் காய்ச்சலைத் தருவதில்லை.

மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு மூன்றாவது ஒன்றும் நேர்கிறது. காட்டிலோ தொழுவத்திலோ இருந்த பெரிய உண்ணி இமைமுடிக்கு நடுவே கடித்துத் தொங்கி, கறுத்த மரு போலத் தெரியும். சிலர் அதைத் தீக்குச்சியால் சுட முயல்கிறார்கள். சிலர் மண்ணெண்ணெய் தடவுகிறார்கள். கண்ணுக்கு இவ்வளவு அருகில் இரண்டுமே பேராபத்து. பிய்த்து இழுத்தால் அதன் வாய்ப்பகுதி தோலுக்குள் முறிந்து நின்றுவிடும். கண் மருத்துவர் நுண்ணிய இடுக்கியால் முழுதாக எடுத்துவிடுவார். அதன்பின் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், உண்ணி கடித்த செய்தியை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

கேள்வி: கல்யாண அலங்காரம் செய்பவள். கண்மையும் ஒட்டு இமைமுடியும் எனக்கும் வாடிக்கையாளர்களுக்கும் தவிர்க்க முடியாதவை. இமை விளிம்பு சிவந்தே இருக்கிறது.
— ஒரு வாசகி, பாறசாலை

பதில்: தொழிலை விடச் சொல்லவில்லை, சில மாற்றங்கள் போதும். கண்மையை இமைமுடிக்கு வெளிப்புறம் மட்டும் தீட்டுங்கள். உள்விளிம்பில் இழுக்கும் மை, எண்ணெய்ச் சுரப்பிகளின் வாயிலேயே படிகிறது. ஒரே மைக்கோலை ஒருவர் கண்ணிலிருந்து மற்றொருவர் கண்ணுக்குக் கொண்டுபோவதை நிறுத்துங்கள், உண்ணியும் கிருமியும் அந்த வழியாகவே பயணம் செய்யும். ஒட்டு இமைமுடி வைத்திருப்பவர்கள் பசை பட்டுவிடுமோ என்று வேரைக் கழுவாமல் விடுவதால் செதில் குவிகிறது. உங்கள் இமை தெளியும்வரை நீங்கள் ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எனக்கு வயது 68. மேலிமையில் ஒரே இடத்தில் கட்டி வந்துகொண்டே இருக்கிறது. இருமுறை கீறி எடுத்தார்கள். இப்போது மீண்டும் வந்திருக்கிறது. வலி இல்லை. அந்த இடத்தில் இமைமுடியும் இல்லை. சூட்டு ஒத்தடம் போதுமா?
— ஒரு வாசகர், குமுளி

பதில்: ஐயா, போதாது. இந்த இதழ் கையில் கிடைத்த அந்த வாரத்திலேயே பெரிய கண் மருத்துவமனை ஒன்றுக்குச் செல்லுங்கள். அடைபட்ட எண்ணெய்ச் சுரப்பி வீங்கி வலியில்லாத கட்டியாவது மிகச் சாதாரணம். இளவயதில் அது ஒத்தடத்திலேயே கரையும், கரையாவிட்டால் சிறு கீறலில் போய்விடும். ஆனால் முதிய வயதில், அதே இடத்தில், எடுத்த பின்னும் திரும்பத் திரும்ப வந்து, அங்கே முடியும் உதிர்ந்திருந்தால், அது அந்தச் சுரப்பியிலேயே தோன்றும் புற்றுநோயாக இருக்கக்கூடும். மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் இமைப் புற்றுநோய்களுள் இவ்வகை கணிசமான பங்கு வகிக்கிறது. இது சாதாரணக் கட்டியைப் போலவும், ஒரு கண்ணில் மட்டும் நீங்காமல் நிற்கும் இமை அழற்சியைப் போலவும் தோற்றம் காட்டி ஏமாற்றும்.

உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்காமல் யாரும் அப்படிச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. முன்பு கீறி எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டு, அறிக்கை இருந்தால் கையோடு கொண்டு செல்லுங்கள். அனுப்பியிருக்காவிட்டால் இம்முறை அனுப்பும்படி நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். உங்கள் ஊரிலிருந்து தேனியிலோ மதுரையிலோ உள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்கு எளிதாகப் போய்வரலாம். முன்னதாகக் கண்டறிந்து முழுதாக அகற்றினால் உயிரையும் பார்வையையும் காக்க முடிகிற நோய் இது. ஒத்தடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று இரண்டு மாதம் காத்திருந்துவிடாதீர்கள்.

கேள்வி: என் தாயாருக்குக் கண்புரை அறுவைக்கு நாள் குறித்து, சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாம் சரியாக இருந்தும், இமையில் உண்ணியும் செதிலும் இருக்கிறது என்று சொல்லிக் கடைசி நேரத்தில் தள்ளி வைத்துவிட்டார்கள். இமைக்கும் புரைக்கும் என்ன தொடர்பு?
— ஒரு வாசகர், குழித்துறை

பதில்: தள்ளி வைத்தவர் உங்கள் தாயாருக்கு நன்மையே செய்திருக்கிறார். அறுவையின்போது கண்ணுக்குள் புகுந்து பெருங்கேடு விளைவிக்கும் கிருமிகள் பெரும்பாலும் வெளியிலிருந்து வருபவை அல்ல. நோயாளியின் இமை விளிம்பிலும் இமைமுடியிலும் ஏற்கெனவே குடியிருப்பவை. அழற்சியுள்ள இமையில் அவற்றின் எண்ணிக்கை மிகுதி. இன்னொரு காரணமும் உண்டு. உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடக் கருவிழியின் வளைவை அளக்கிறார்கள். எண்ணெய்ப் படலம் கெட்டு ஈரம் நிலைக்காத கண்ணில் அந்த அளவு ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றாக வரும். லென்ஸ் தவறிப்போனால் நன்றாக நடந்த அறுவைக்குப் பின்னும் பார்வை தெளிவாக இராது.

எனவே சில வாரம் ஒத்தடமும் இமைத் துடைப்பும் விடாமல் செய்யுங்கள். தாயாருக்குக் கை நடுங்கினால் நீங்களோ வீட்டில் வேறு யாரேனுமோ செய்துவிடலாம். கண்ணை மூடி, கீழே பார்க்கச் சொல்லி, மேலிமையின் முடி வேரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துடைக்க வேண்டும். ஒவ்வொரு இமைக்கும் புதுப் பஞ்சு வேண்டும். மறுபரிசோதனைக்குச் செல்லும் நாளில் கண்மையோ எண்ணெயோ இடாமல் அழைத்துச் செல்லுங்கள். லென்ஸ் அளவை அன்று புதிதாக எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய அளவை வைத்து அறுவை நடக்கக் கூடாது.